தீவுக்குத் தீவு தாவும் முன்: கடல் கேட்கும் கணக்கு

நான்கு நண்பர்கள், ஆளுக்கொரு முதுகுப்பை, பத்து நாள் விடுப்பு, வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் ஐந்து தீவுகள். இப்படிப் போடும் திட்டம் பெரும்பாலும் மூன்றாவது தீவுக்குள் குலைந்துவிடும். தரையில் பழகிய தூரக் கணக்கைக் கடலுக்கும் போட்டுவிடுவதுதான் காரணம். சாலையில் 60 கி.மீ. என்பது ஒன்றரை மணி நேரம். கடலில் அதே தூரம் ஒரு முழுப் பகலைத் தின்னும். காற்று கெட்டால் இரண்டு நாளையும் தின்னும். எத்தனை தீவு பார்க்கப்போகிறோம் என்று எண்ணுவதைவிட, எத்தனை முறை படகு ஏறப்போகிறோம் என்று எண்ணினால் திட்டம் தானாகச் சரியான அளவுக்குச் சுருங்கும்.

ஒரு சாதாரண இரண்டு மணி நேர ஃபெர்ரியை எடுத்துக்கொள்வோம். படகு காலை 9 மணிக்கு. அறையைக் காலி செய்து, நான்கு பேரும் குளித்து, பை கட்டி, துறைக்கு வண்டி பிடிக்க 7 மணிக்காவது கிளம்ப வேண்டும். துறையில் பயணச்சீட்டை மாற்றி வரிசையில் நிற்க ஒரு மணி நேரம் போகும். படகு அரை மணி தாமதமாகத்தான் வரும். 11.30க்கு இறங்கினால், பைகளை இறக்கி, அந்தத் தீவின் மறுகோடிக்கு வண்டி பேசி, அறைக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி. அறை 2 மணிக்குத்தான் கிடைக்கும். இரண்டு மணி நேரப் பயணம் ஏழு மணி நேரமாகிவிட்டது. ஐந்து தீவு என்றால், வந்துசேரும் படகும் திரும்பும் படகும் சேர்த்து ஆறு கடப்பு. பத்து நாளில் ஆறு நாள் துறையிலும் படகிலும் கழியும். பத்து நாளுக்கு இரண்டு தீவு போதும், மூன்று உச்சம். ஒரு தீவில் மூன்று இரவுக்குக் குறைவாகத் தங்குவது படகுக்காரருக்கு மட்டுமே லாபம்.

பருவம்: மழையைவிடக் காற்று முக்கியம்

"அங்கே இப்போது மழைக்காலமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதை. மழை ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு வெயில் அடிக்கும்; அதனால் பயணம் கெடாது. தீவின் எந்தக் கரை காற்றுக்கு முகம் காட்டுகிறதோ அந்தக் கரையில் அலை உயரும், கடல் கலங்கும், படகு நிற்கும். மறு கரை அதே நாளில் குளம்போல் கிடக்கும்.

இதனால்தான் ஒரே நாட்டுக்குள் இரண்டு பருவங்கள் இருக்கின்றன. தாய்லாந்தின் மேற்கே அந்தமான் கடல் பக்கம், அதாவது புக்கெட், கிராபி பகுதிகளில், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் அக்டோபர் வரை கடல் கரடுமுரடு. சிமிலன் தீவுகளின் தேசியப் பூங்காவை அந்த மாதங்களில் மூடியே விடுகிறார்கள். கிழக்கே வளைகுடாவிலுள்ள சாமுய், பங்கான், தாவோ தீவுகளுக்கோ பெருமழை வடகிழக்குக் காற்றோடு அக்டோபர் கடைசியில் தொடங்கி டிசம்பர் வரை, நவம்பர் உச்சம். மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளான பெர்ஹெந்தியானிலும் ரெடாங்கிலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலான விடுதிகள் கதவைச் சாத்திவிடும். இலங்கையிலும் இதே கதை: டிசம்பர் முதல் மார்ச் வரை போக ஏற்றது தென்மேற்குக் கரை, மே முதல் செப்டம்பர் வரை திருகோணமலை, அறுகம்பே இருக்கும் கிழக்குக் கரை.

வறண்ட பருவம் என்றாலே அமைதியான கடல் என்று நினைப்பதும் தவறு. இந்தோனேசியாவின் பாலி, லோம்போக் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் மழை அபூர்வம். ஆனால் அந்த மாதங்களில்தான் தென்கிழக்கு வணிகக் காற்று பலமாக அடிக்கிறது. பசிபிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்கு ஓடும் நீரோட்டம் லோம்போக் நீரிணையின் இடுக்கு வழியாகப் பாய்கிறது. எதிரெதிராகக் காற்றும் நீரோட்டமும் மோதும்போது அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். வானம் பளிச்சென்று இருக்கும் நாளில் படகு ரத்தாவது இதனால்தான். வெயிலைப் பார்த்துவிட்டு ஆத்திரப்பட்டுப் பயனில்லை.

புயலுக்கு ஒரு எளிய விதி உண்டு. நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 5 பாகைக்குள் புயல் உருவாவது மிக அரிது. காற்றைச் சுழலவைக்கும் புவிச்சுழற்சியின் விசை அங்கே மிகக் குறைவு. அதற்கு வெளியே உள்ள தீவுகளில் நாள்காட்டியைப் பார்த்தாக வேண்டும். பிலிப்பைன்ஸ் கடற்பரப்புக்குள் ஆண்டுக்குச் சராசரியாக 20 வெப்பமண்டலப் புயல்கள் நுழைகின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரை உச்சம். புயல் எச்சரிக்கை எண் ஏற்றப்பட்டதும் கடலோரக் காவல்படை படகுகளை நிறுத்திவிடும். புயல் தொலைவில் கடந்துபோனாலும் இரண்டு மூன்று நாள் தீவில் மாட்டிக்கொள்ள நேரும்.

முன்தினமே பார்க்க வேண்டிய எண்கள் மூன்று: காற்றின் வேகம், அலையின் உயரம், இரண்டு அலைக்கு நடுவே உள்ள நொடிகள். காற்று 11 முதல் 16 நாட் (ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) என்றால் திறந்த கடலில் அலை ஒரு மீட்டர் அளவு. சிறு படகில் நனைவோம், அவ்வளவுதான். 17 முதல் 21 நாட் ஆகிவிட்டால் அலை இரண்டு மீட்டரைத் தொடும். அந்தக் காற்றில் ஸ்பீட் போட்டை விட்டுவிட்டுப் பெரிய, மெதுவான ஃபெர்ரியில் போவதே நல்லது. கருவி இல்லாதவர்களுக்குக் கடலே சொல்லும்: கரையிலிருந்து பார்க்கும்போது அலைகளின் தலையில் வெள்ளை நுரை அங்கங்கே தெரிந்தால் பரவாயில்லை, கண்ணுக்கெட்டிய வரை வெள்ளையாக இருந்தால் மறுநாள் படகுக்குச் சீட்டை மாற்றுங்கள். எந்தப் பருவமானாலும் காலை முதல் படகுதான் உத்தமம். நிலம் சூடேறச் சூடேறக் கடற்காற்று வலுப்பதாலும், இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் திரள்வதாலும், மாலைப் படகு அதே பாதையில் இரு மடங்கு ஆடும்.

படகில் ஏறும்போது

ஸ்பீட் போட்டின் முன்பக்கம் காட்சிக்கு நன்றாக இருக்கும்; முதுகெலும்புக்கு அதுதான் மோசமான இடம். அலையில் ஏறி இறங்கும்போது முனை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து அறைந்தாற்போல் விழும். அந்த அடியில் முதுகெலும்பு நசுங்கியவர்கள் உண்டு. பின்பக்கம் நடுவாக உட்கார்ந்தால் ஆட்டமும் குமட்டலும் குறையும். குமட்டல் மாத்திரையைப் படகு ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும்; வாந்தி தொடங்கிய பிறகு அது வயிற்றில் தங்காது. லைஃப் ஜாக்கெட் தலைக்கு மேலே கட்டி வைக்கப்பட்டிருந்தால், கிளம்பும் முன்பே நான்கையும் எடுத்துக் கொக்கி வேலை செய்கிறதா என்று பாருங்கள். எண்ணிக்கை பயணிகளைவிடக் குறைவாக இருந்தால் இறங்கிவிடலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பல தீவுகளில் துறையே கிடையாது. படகு கரைக்கு முன்னால் முழங்கால் தண்ணீரில் நின்றுவிடும், நாம்தான் குதிக்க வேண்டும். அப்போது முதுகுப்பையின் மார்புப் பட்டையும் இடுப்புப் பட்டையும் கழற்றியிருக்க வேண்டும். கால் வழுக்கி விழுந்தால் பட்டை போட்ட பை ஆளை முகம் குப்புற அழுத்திவிடும். கழற்றியிருந்தால் தோளை உதறி எழுந்துவிடலாம். பாஸ்போர்ட், பணம், ஃபோன் ஆகியவை பெரிய பையில் இருக்கவே கூடாது. பெரிய பைகளைப் படகுக்காரர்கள் பின்னாலோ கூரையிலோ குவிப்பார்கள், உப்புத்தண்ணீர் தெறிப்பதும் அங்கேதான். இவற்றை 5 லிட்டர் டிரை பேக்கில், அதாவது நீர் புகாத பையில் போட்டு உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும். அதன் வாயைக் காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு மூன்று முறையாவது மடித்துச் சுருட்டினால்தான் நீர் புகாது. ஒரே மடிப்பில் கொக்கி போடுவதுதான் வழக்கமான பிழை.

முதுகுப்பைக்கு வெளியே மாட்டும் மழை உறை தீவுக்கு ஏற்றதல்ல. காற்றில் பறக்கும், அடியில் தண்ணீர் தேங்கும். பைக்கு உள்ளே தடித்த பிளாஸ்டிக் குப்பைப்பை ஒன்றை விரித்து, துணியெல்லாம் அதற்குள் வைத்து வாயை முறுக்கிக் கட்டினால் போதும்.

ஏழு கிலோ

பல மலிவு விலை விமானங்கள் கைப்பைக்கு அனுமதிப்பது 7 கிலோ. தலையில் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடக்கக்கூடிய எடையும் ஏறக்குறைய அதுதான். 40 லிட்டர் பை, மூன்று சீக்கிரம் காயும் சட்டை, இரண்டு அரைக்கால் சட்டை, கொசுவுக்காக ஒரு மெல்லிய முழுக்கால் சட்டை, நீந்துவதற்கு முழுக்கை உடை, ஒரு கைலி. கைலி ஒன்று இருந்தால் துண்டு, போர்வை, உடை மாற்றும் மறைப்பு, வெயில் தடுப்பு எல்லாம் அதிலேயே முடிந்தது. பருத்தி டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் ஈரப்பதம் மிகுந்த காற்றில் இரண்டு நாளானாலும் காயாது. அந்த ஈரத்தோடு போட்டுக்கொண்டால் தொடையிடுக்கில் படர்தாமரை வரும். பவர் பேங்க் 100 வாட் மணிக்குள், அதாவது சுமார் 27,000 மில்லி ஆம்பியர் மணிக்குள் இருக்க வேண்டும். அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

கூட்டமாகப் போவதன் பெரிய லாபம் எடையைப் பங்கிட முடிவது. மருந்துப்பெட்டி, பல முனை சார்ஜர், பூட்டு, துணி காயப்போடும் கயிறு ஆகியவை நால்வருக்கும் சேர்த்து ஒன்றே போதும். பணமும் அட்டைகளும் மட்டும் ஒரே பையில் இருக்கக் கூடாது. அந்தப் பை கடலில் போனால் நால்வரும் சேர்ந்து திண்டாட வேண்டியதுதான்.

சன்ஸ்கிரீனில்தான் கணக்கு எப்போதும் உதைக்கும். புட்டியில் எழுதியிருக்கும் பாதுகாப்பு கிடைக்க, தோலின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மி.கி. பூச வேண்டும். முழு உடம்புக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 30 மி.லி. இரண்டு மணிக்கொரு தரம் பூச வேண்டும் என்றாலும், நாளுக்கு இரண்டே தடவை என்று வைத்துக்கொள்வோம்: நான்கு பேருக்கு 240 மி.லி., எட்டு நாளில் ஏறக்குறைய இரண்டு லிட்டர். யாரும் அவ்வளவு கொண்டுபோவதில்லை, 100 மி.லி. புட்டியை நால்வர் நாலு நாள் ஓட்டுகிறார்கள், ஐந்தாம் நாள் முதுகு உரிகிறது. முழுக்கை நீச்சல் சட்டையும் நீளக் கால்சட்டையும் போட்டால் முகம், கழுத்து, கை, பாதம் மட்டுமே மிச்சம். தேவை கால் பங்காகிவிடும். மூச்சுக்குழாய் மாட்டி முகம் குப்புற மிதக்கும் ஸ்நோர்க்கெலிங் செய்கிறவர்களுக்கு வெந்துபோகும் இடங்கள் பிடரி, தலை வகிடு, முழங்காலின் பின்பக்கம். தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் இரவு வரை தெரியாது. ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்த களிம்புகள் பவளப்பாறைக்குக் கேடு என்று பசிபிக் தீவு நாடான பலாவ் 2020 முதலும், தாய்லாந்தின் கடல் தேசியப் பூங்காக்கள் 2021 முதலும் தடை போட்டிருக்கின்றன. ஹவாயில் அவற்றின் விற்பனைக்கு 2021 முதல் தடை. துத்தநாக ஆக்ஸைடு களிம்பு எங்கும் செல்லும்.

கடற்கரையில் ஆளைக் கொல்வது

சுறாவைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். உண்மையில் ஆட்களைக் கொண்டுபோவது ரிப் கரண்ட் எனப்படும், கரையிலிருந்து கடலை நோக்கி ஓடும் குறுகிய நீரோட்டம். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து குவித்த தண்ணீர் திரும்பிப் போக வழி தேடுகிறது. மணல்திட்டுகளுக்கு இடையே ஒரு பள்ளம் கிடைத்தால் எல்லாம் அதன் வழியாகப் பாய்கிறது. அந்தப் பள்ளம் ஆழமானதால் அங்கே அலை உடையாது, நுரை இருக்காது. இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடைய, நடுவில் மட்டும் கருத்த, அமைதியான ஒரு பட்டை தெரியும். நீந்தத் தெரியாதவர்கள் பாதுகாப்பான இடம் என்று சரியாக அதையே தேர்ந்தெடுப்பார்கள். வேகம் சில சமயம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். ஒலிம்பிக் வீரராலும் அதை எதிர்த்து நீந்த முடியாது.

இறங்குவதற்கு முன் சற்று உயரமான இடத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்த வேண்டாம். இந்த நீரோட்டம் ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியேதான் தள்ளுகிறது. மிதந்துகொண்டு, கையை உயர்த்தி, இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, நுரை தெரியும் இடம் வழியாகத் திரும்பலாம். உடையும் அலையே கரை சேர்க்கும். நண்பர் கூட்டத்தில் அடிக்கடி நடப்பது வேறு: ஒருவர் கத்தியதும் இருவர் வெறுங்கையோடு பாய்கிறார்கள், பதறியவர் அவர்களின் கழுத்தைப் பிடிக்கிறார். மிதக்கும் பொருள் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. காற்றை நிரப்பிச் சுருட்டிய 20 லிட்டர் டிரை பேக் ஒரு ஆளைத் தாங்கும். மூடியிறுக்கிய காலித் தண்ணீர் கேனும் தாங்கும். குடித்துவிட்டு இரவில் கடலில் இறங்குவதைப் பற்றி எழுதக்கூடத் தேவையில்லை.

பவளப்பாறை சூழ்ந்த கரையில் ஆபத்து ஏற்றவற்றத்தோடு, அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவதோடு வருகிறது. பெரும்பாலான கடல்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 6 மணி 12 நிமிடம். நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். தாய்லாந்து வளைகுடாவின் பல பகுதிகளில் நாளுக்கு ஒரே ஏற்றம்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் மிக ஆழமாகும். அஷ்டமியை ஒட்டி வித்தியாசம் குறையும். தினசரிக் காலண்டர் இருந்தால் இதற்குச் செயலி தேவையில்லை. வற்றத்தில் நடந்து போகும் மணல்திட்டில் அதிக நேரம் உட்கார்ந்துவிட்டால் திரும்பும் வழி மூழ்கிவிடும். தண்ணீர் சீராக ஏறுவதில்லை; ஆறு மணி நேரத்தில் நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதித் தண்ணீர் வந்துவிடும். வற்றம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பிவிட வேண்டும். ஏற்றத்தில் பாறைக்கு மேலே சுகமாக நீந்திப் போனவர்கள், வற்றத்தில் முழங்கால் ஆழத்தில், கூரான பவளத்தின் மேல், கடல் முள்ளெலிகளுக்கு நடுவே நடந்து திரும்ப நேரும்.

காயமும் கடியும்

பவளம் கீறிய காயத்தை அலட்சியமாக விட்டால் சீழ் பிடிக்கும். நொறுங்கிய பவளத் துகள் உள்ளே தங்குவதும் கடல்நீர்க் கிருமிகளும்தான் காரணம். வலித்தாலும் சோப்பும் நல்ல தண்ணீரும் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துத் துகளை எடுத்துவிட்டு மருந்து போட வேண்டும். அடுத்த இரண்டு நாள் கடல் வேண்டாம். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

பெட்டி ஜெல்லி மீன் கொட்டினால் வினிகரைக் குறைந்தது 30 நொடி ஊற்ற வேண்டும். அது வெடிக்காமல் மிச்சமிருக்கும் நச்சு அணுக்களை முடக்கும். நல்ல தண்ணீர், மணல், சிறுநீர் மூன்றுமே கேடு. மூச்சு நின்றால் உடனே நெஞ்சை அழுத்தி உயிர்காப்பு தொடங்க வேண்டும். திருக்கை, கல்மீன், கடல் முள்ளெலி குத்தினால் வைத்தியம் வேறு: சுமார் 45 பாகை செல்சியஸ் சூடான நீரில் 30 முதல் 90 நிமிடம். சூட்டைக் குத்துப்படாத கையால் சோதியுங்கள். குத்துப்பட்ட காலுக்கு வெந்துபோவது தெரியாது. ஆழமற்ற மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப்போய்விடும்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆளுக்கு ஆறு. தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவால் டெங்கு வருகிறது; 20 முதல் 30 சதவீதம் டீட் (DEET) என்ற கொசுவிரட்டி உள்ள களிம்பு காலையிலேயே தேவை. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரத்தக்கசிவைக் கூட்டும்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கும் ஆசையில் ஒரு பொறி உண்டு. இருசக்கர வாகன உரிமமும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடு பெரும்பாலும் பைசா தராது. ஓட்டத் தெரியாதவர் தீவின் மலைச்சாலையில் கற்றுக்கொள்ளக் கூடாது. பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்கும் கடையைத் தவிர்த்துவிடுங்கள். வண்டியின் கீறல்களைப் படமெடுத்துவிட்டுச் சாவி வாங்குங்கள்.

நால்வர், ஒரு பொதுப்பணம்

கூட்டத்துக்கு நான்கு நல்ல எண். இரண்டு அறை, ஒரு கார், இரண்டு ஸ்கூட்டர், கடலில் இரண்டு ஜோடி. ஐந்தானால் இரண்டாவது கார் தேவைப்படும். ஆறுக்கு மேல் போனால் காலை உணவை முடிவுசெய்யவே பத்து மணி ஆகும்.

பணத்தில் சண்டை பெரும்பாலும் சின்னத் தொகைகளில்தான் முளைக்கிறது. எல்லோரும் சம அளவு போட்டு ஒரு பொதுப்பணம் வைத்து, தீவுக்கு ஒருவர் பொருளாளராக இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். அறை, படகு, வண்டி, பொதுச் சாப்பாடு அதிலிருந்து. மது, டைவிங், ஷாப்பிங் அவரவர் கணக்கு. குடிக்காதவரின் மௌன எரிச்சலுக்கு இதுதான் மருந்து. நாளைய செலவின் வரம்பைக் கூட்டத்திலேயே கையிருப்பு குறைந்தவர் சொல்லட்டும், மற்றவர்கள் அதற்கு ஒத்துப்போகட்டும். சின்னத் தீவுகளில் ஏடிஎம் இருக்காது, இருந்தாலும் மின்வெட்டில் நின்றிருக்கும். ஆளுக்கு மூன்று நாள் செலவு ரொக்கமாக இருக்க வேண்டும். அது தவிர, படகு ரத்தானால் கூடுதல் இரவுக்கென்று தொடாத தொகை ஒன்று தனியாக இருக்கட்டும்.

குழாயில் வரும் உப்புக்கரிப்பைக் கண்டு விடுதிக்காரரிடம் கோபிப்பதற்கு முன் இதையும் தெரிந்துகொள்ளலாம். சிறு தீவில் நல்ல தண்ணீர் என்பது மழையில் ஊறி, நிலத்தடியில் உப்புநீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய அடுக்கு. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் இருக்கும். மேலே கால் மீட்டர் இறைத்தால் கீழே பத்து மீட்டர் உப்பு ஏறிவிடும். கூட்டம் மிகும் மாதங்களில் குளியலறையில் சோப்பு நுரைக்காமல் போவது இதனால்தான். கழிவுநீர்ப் பிரச்சினையால் பிலிப்பைன்ஸ் அரசு பொராக்காய் தீவை 2018 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஆறு மாதம் மூடியது. தாய்லாந்தின் மாயா விரிகுடா 2018 ஜூனில் மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது. ஆகவே போகப்போகும் இடம் திறந்திருக்கிறதா என்பதையும் சீட்டு வாங்குமுன் பாருங்கள்.

கடைசி நாள் பற்றி ஒரு வார்த்தை. ஸ்கூபா டைவிங் செய்தவர்கள் ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும். அதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை எல்லாத் தீவிலும் கிடையாது. கடைசிப் படகும் ரத்தாகலாம். இரண்டுக்கும் விடை ஒன்றே: விமானத்துக்கு முந்தின நாள் காலைப் படகில் கிளம்பி, விமான நிலையம் இருக்கும் ஊரில் அன்றிரவு தங்குங்கள். அன்று மாலை நனைந்த துணியையும் பையையும் நல்ல தண்ணீரில் அலசி விசிறிக்கடியில் விரித்துவிட்டால், விமானத்துக்குள் பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்த மாட்டார்.